கேள்வி – பதில்: சேலத்தில் சீறும் கார் ஏற்காட்டில் ஏன் திணறுகிறது?

கம்பெனி பொருத்திக் கொடுத்த ஈசியுவை (இன்ஜினின் பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கழற்றிவிட்டு, நாமே மேப் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற அட்டவணை) எழுதிக்கொள்ளும் தனி ஈசியு மாட்டிய கார்களைப் பற்றிய கேள்விகளை இந்த மாதம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்கள் சேலம் சுற்றுவட்டாரத்துக்காரர்கள் என்பதால் ஏற்காடு மலைப்பாதை பல கடிதங்களில் வந்துவிடுகிறது. இனி எழுதுகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள்: "பிக்கப் இல்லை", "மிஸ் அடிக்குது" என்று எழுதுவதோடு, கோளாறு வந்த நேரத்து லாக் ஃபைலையும் (ஈசியு நொடிக்கு நொடி பதிந்த அளவுகள்) சேர்த்து அனுப்புங்கள். ஐந்து நிமிட லாக் போதும்.

கேள்வி: என் இரண்டு சீட் காரில் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு த்ராட்டில் பாடி. மெகாஸ்குவர்ட் ஈசியு, ஆல்ஃபா-என் முறையில் மேப். சேலத்தில் குறையே இல்லை. அடிவாரம் தாண்டி ஏற ஏற இழுவை மந்தமாகி, ஏற்காடு ஒண்டிக்கடை போய்ச் சேரும்போது சைலன்சரில் கரும்புகை. அங்கே நிறுத்தி டீ குடித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் இன்னும் மோசம். ஈசியுவை மாற்றிவிடலாமா?
— வாசகர், கோரிமேடு, சேலம்

பதில்: ஈசியுவை மாற்றாதீர்கள். டீக்கடைக்குப் பிறகு "இன்னும் மோசம்" என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறின் முக்கால்வாசி அந்த வரியிலேயே இருக்கிறது.

சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் கீழே சுமார் 98 கிலோபாஸ்கல், மேலே சுமார் 84.5. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் 14 சதவீத அழுத்தம் போய்விடுகிறது. ஆல்ஃபா-என் முறையில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்ஜின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்ற இரண்டை வைத்துத்தான் ஈசியு பெட்ரோலைக் கணக்கிடும். உள்ளே போகிற காற்று மெலிந்துவிட்டது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. சேலத்தில் முழு த்ராட்டிலில் லாம்டா 0.88 (1 என்றால் காற்றுக்குச் சரியான பெட்ரோல்; அதற்குக் கீழே போனால் பெட்ரோல் கூடுதல், அதாவது ரிச்; மேலே போனால் பெட்ரோல் குறைவு, அதாவது லீன்) வைத்து மேப் எழுதியிருந்தால், அதே பெட்ரோல் ஏற்காட்டுக் காற்றோடு சேரும்போது 0.76 ஆகிவிடும். கரும்புகை வராமல் என்ன செய்யும்?

இதைச் சரிக்கட்டத்தான், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கேற்பப் பெட்ரோலைத் திருத்தும் பாரோ கரெக்‌ஷன் இருக்கிறது. அதில் உங்களுக்கு இரண்டு சிக்கல். பல ஈசியுக்கள் சாவியை ஆன் செய்த நொடியில், இன்ஜின் சுற்றுவதற்கு முன், மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) பிரஷர் சென்சார் காட்டும் அளவை வெளிக்காற்றின் அழுத்தமாக எடுத்துக்கொண்டு, சாவியை ஆஃப் செய்யும்வரை அதையே பிடித்துக்கொண்டிருக்கும். கோரிமேட்டில் 98 என்று எடுத்தது ஒண்டிக்கடை வரை 98 தான். ஏறும்போது வரும் மந்தம் இதனால்.

அடுத்தது டீக்கடை சிக்கல். மறுபடி சாவி போட்டதும் ஈசியு 84.5 என்று சரியாகவே படிக்கிறது. ஆனால் பெட்டியோடு வரும் கரெக்‌ஷன் கோடு பெரும்பாலும் ஸ்பீடு-டென்சிட்டி முறைக்காக எழுதப்பட்டது. அந்த முறையில் மேனிஃபோல்டு அழுத்தம் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. வெளியே அழுத்தம் குறையும்போது எக்ஸாஸ்ட் எளிதாக வெளியேறி, சிலிண்டருக்குள் சற்றுக் கூடுதல் காற்று நுழையும். அதற்காக அந்தக் கோடு உயரம் போகப் போகப் பெட்ரோலைக் கூட்டும். மெகாஸ்குவர்ட்டின் பழைய சூத்திரப்படி 98-இல் சுமார் 101 சதவீதம், 84.5-இல் சுமார் 107 சதவீதம். குறைக்க வேண்டிய இடத்தில் உங்கள் பெட்டி மேலும் 6 சதவீதம் கூட்டுகிறது, லாம்டா 0.71 பக்கம் போய்விடும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஏற்காட்டில் இன்ஜினை நிறுத்தி, மெயின் ரிலே விழும் சத்தம் கேட்கும்வரை பொறுத்து, லேப்டாப்பை இணைத்துச் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பாரோ 84, 85 என்று காட்டினால் சென்சார் நல்லது. 98-லேயே நின்றால் சென்சாரையோ அமைப்பையோ பார்க்க வேண்டும். கீழ் வரம்பை 95 என்று யாராவது போட்டு வைத்திருந்தால் 95-க்குக் கீழே இறங்கவே இறங்காது. அடுத்து பாரோ கரெக்‌ஷன் சதவீதத்தைப் பாருங்கள். 100-ஐத் தாண்டியிருந்தால் மேலே சொன்ன தலைகீழ்க் கோடுதான்.

சரிசெய்யும்போது முதலில் கோட்டைத் திருப்புங்கள். உங்கள் மேப் சேலத்தில் எழுதப்பட்டது என்பதால் 98-க்கு 100 சதவீதம், 84.5-க்கு 86 சதவீதம், நடுவில் நேர்கோடு. மேலே காற்று எட்டுப் பத்து டிகிரி குளிர்ந்திருப்பதால் மூன்று சதவீதம் அடர்த்தி திரும்பக் கிடைக்கும். அதைக் காற்று வெப்ப சென்சார் தனியாகப் பார்த்துக்கொள்ளும், இந்தக் கோட்டில் கலக்க வேண்டாம். பிறகு பாரோவுக்கென்று இரண்டாவது சென்சார் ஒன்று வையுங்கள். எம்பிஎக்ஸ்4250 போன்ற சென்சார் போதும், அதில் மூன்று கால்களுக்கு மட்டும் வயர்: 5 வோல்ட், சிக்னல், சென்சார் எர்த். குழாய் எதுவும் மாட்டாமல் திறந்தே விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் காற்றோ, ஓடும்போது வரும் எதிர்க்காற்றோ படாமல் டேஷ்போர்டுக்குள் வைப்பது நல்லது. சேலத்தில் சிக்னல் வயரில் 1.76 வோல்ட், ஏற்காட்டில் 1.49 வோல்ட் சுமாராக வர வேண்டும். இரண்டாவது சென்சார் வைக்கும்வரை, ஏறும் வழியில் பாதுகாப்பாக ஒதுங்க இடம் கிடைத்தால் நிறுத்தி, ஒருமுறை சாவியை ஆஃப் செய்து ஆன் செய்தாலே பாதிச் சிரமம் தீரும். கோட்டைத் திருப்பிய பிறகு என்பதை மறந்துவிடாதீர்கள்.

பாரோ வரம்பைக் கீழே 80, மேலே 102 என்று வையுங்கள். ஓடும்போது வோல்டேஜ் விழுந்து ஈசியு ரீசெட் ஆனால், மேனிஃபோல்டில் அப்போது இருக்கும் 45, 50-ஐயே வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்துக்கு இந்த வரம்புதான் காவல். இத்தனை நாள் ரிச்சாக ஓடியிருப்பதால் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை இருந்தால் ஆயிலை மாற்றிவிட்டு ஓட்டுங்கள். எல்லாம் சரியான பிறகும் ஏற்காட்டில் சேலத்து இழுவை இருக்காது. காற்றே குறைவு, அதற்கு மேப்பில் வழியில்லை.

கேள்வி: டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு நான்கு காயில்-ஆன்-பிளக் மாட்டினேன். சாவியை ஆன் செய்து இரண்டு நிமிடம் விட்டால் காயிலில் கை வைக்க முடியவில்லை. ஒன்று வெடித்தே விட்டது. மட்டமான காயிலா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: காயில் மேல் பழி போடாதீர்கள். ஸ்பார்க் அவுட்புட் தலைகீழாக அமைந்திருக்கிறது. உள்ளேயே இக்னைட்டர் (காயிலின் மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்) இருக்கும் காயிலுக்கு, சிக்னல் உயரும்போது மின்சாரம் ஏறும், விழும்போது தீப்பொறி அடிக்கும். அமைப்பு மாறிப்போனால் இன்ஜின் சும்மா இருக்கும்போதே காயில் விடாமல் மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். மீதி மூன்றையும் காப்பாற்ற, காயில் ஃப்யூஸை இப்போதே பிடுங்குங்கள். காயில் சாக்கெட்டைக் கழற்றி, சிக்னல் வயரில் மல்டிமீட்டர் வையுங்கள். சாவி ஆன், செல்ஃப் அடிக்கக் கூடாது. 0 வோல்ட் வர வேண்டும். 5 வோல்ட் நின்றால் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இரண்டு கால் மட்டும் உள்ள காயில் என்றால் அதற்குள் இக்னைட்டர் இல்லை. ஈசியுவின் 5 வோல்ட் அவுட்புட்டை நேராக அதில் கொடுத்தால் ஈசியுவே போய்விடும். டிவெல் நேரத்தை, அதாவது காயிலில் மின்சாரம் ஏற விடும் நேரத்தை, 14 வோல்ட்டில் 3 மில்லிசெகண்டில் ஆரம்பியுங்கள். காயில் கம்பெனி அளவு கொடுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள். காயில்களுக்கான 12 வோல்ட்டை, ஈசியு கட்டுப்படுத்தும் பெட்ரோல் பம்ப் ரிலே வழியாக எடுத்தால், இன்ஜின் சுற்றாதபோது காயிலுக்கு மின்சாரமே போகாது. புதிதாக வொயரிங் செய்கிறவர்கள் எல்லோரும் இப்படியே செய்யலாம்.

கேள்வி: பழைய லான்சரில் கிராங்க் புல்லியில் 36-1 பல் சக்கரமும் (36 பல்லில் ஒன்றை எடுத்தது) விஆர் சென்சாரும் (பல் கடப்பதை உணரும் காந்தச் சென்சார்) வைத்து, வேஸ்டட் ஸ்பார்க் காயில் (இரண்டு சிலிண்டருக்கு ஒரே நேரத்தில் தீப்பொறி தருவது) போட்டிருக்கிறோம். 5,500 ஆர்பிஎம் வரை வெண்ணெய் மாதிரி போகிறது. அதற்கு மேல் மிஸ் அடித்து வெட்டுகிறது. லாம்டா லீன் காட்டியதால் அந்தக் கட்டங்களில் பெட்ரோலை 15 சதவீதம் கூட்டினோம், பயனில்லை.
— வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: கூட்டிய 15 சதவீதத்தை முதலில் திரும்ப எடுத்துவிடுங்கள். தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும். லாம்டா சென்சார் அந்த ஆக்ஸிஜனைத்தான் பார்க்கிறது, எரியாத பெட்ரோலைச் சரியாகக் கணக்கில் எடுக்காது. அதனால் மிஸ் அடித்தாலே லீன் என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோல் ஊற்றினால் பிளக் கருகும்.

லாகில் ஆர்பிஎம் கோட்டைப் பாருங்கள். வெட்டும் நொடியில் அது 0-க்கு விழுந்தாலோ, 9,000 என்று எகிறினாலோ, சிங்க் இழப்பு எண்ணிக்கை ஏறினாலோ ஈசியு பல்லைத் தவறாக எண்ணுகிறது. ஆர்பிஎம் கோடு சீராக இருந்து லாம்டா மட்டும் குதித்தால் பல் சக்கரம் நல்லது, தீப்பொறியில் கோளாறு. உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

விஆர் சென்சார் தானே மின்சாரம் உண்டாக்கும் சென்சார். வேகம் ஏற ஏற சிக்னலும் பெருகும், சக்கரம் ஆடினால் அந்த ஆட்டத்தின் சத்தமும் கூடவே பெருகும். 3,000-இல் தொந்தரவு தராத ஆட்டம் 5,500-இல் ஒரு போலிப் பல்லாக ஈசியுவுக்குத் தெரியும். ஃபீலர் கேஜ் எடுத்து, இன்ஜினைக் கையால் சுற்றிக்கொண்டே சக்கரத்தின் நான்கு இடத்தில் இடைவெளியை அளங்கள். 0.8-இலிருந்து 1 மில்லிமீட்டர் இருக்கலாம். நான்கு இடத்துக்கும் வித்தியாசம் 0.2-க்குள் அடங்க வேண்டும். புல்லியில் வெல்டு வைத்து ஒட்டிய சக்கரம் என்றால் சந்தேகமே வேண்டாம், கட்டாயம் ஆடும். லேத்தில் மையம் பார்த்துப் போல்ட் போட்டு மாட்டுங்கள். சென்சார் நிற்கும் பிராக்கெட்டும் முக்கியம். 2 மில்லிமீட்டர் தகட்டில் வளைத்துச் செய்த பிராக்கெட் குறிப்பிட்ட வேகத்தில் அதிரும். 5 அல்லது 6 மில்லிமீட்டர் பட்டையில், இன்ஜின் பிளாக்கிலேயே பிடிமானம் கொடுத்துச் செய்யுங்கள்.

வயரை அடுத்துப் பாருங்கள். சென்சாரிலிருந்து ஈசியு வரை ஷீல்டு வயர் ஒரே நீளமாக வர வேண்டும். ஷீல்டை ஈசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இன்ஜின் பக்கம் எதிலும் படாமல் வெட்டி மூடிவிடுங்கள். இரண்டு பக்கமும் எர்த் செய்தால் ஷீல்டு வழியாகவே மின்சாரம் ஓடி, தடுக்க வந்ததே தொல்லையாகிவிடும். காயில் வயரோடு சேர்த்து ஒரே டேப்பில் சுற்றியிருந்தால் பிரித்து, ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள்.

பிளக் நம்பரையும் படியுங்கள். என்ஜிகேயில் பிபிஆர்6இஎஸ் என்றால் நடுவில் உள்ள ஆர் உள்ளே ரெசிஸ்டர் இருப்பதைக் குறிக்கும். பிபி6இஎஸ் என்றால் இல்லை. ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் செப்புக் கம்பி ஹெச்டி வயரும் சேர்ந்தால், பக்கத்தில் உள்ள எந்த ஈசியுவும் நிம்மதியாக வேலை செய்யாது.

பிறகு போலாரிட்டி. சென்சாரின் இரண்டு வயரை மாற்றி மாட்டினாலும் இன்ஜின் ஓடும், அதுதான் இதில் உள்ள சூழ்ச்சி. டைமிங்கை மென்பொருளில் 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட் அடித்து 1,000-இலிருந்து 4,000 வரை ஏற்றிப் பாருங்கள். குறி அசையாமல் நின்றால் நல்லது. சீராக ஒரே பக்கம் ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்தால் ஹார்டுவேர் லேட்டன்சி (சிக்னல் தாமதம்) எண்ணைத் திருத்தினால் போதும். கண்டபடி குதித்தால் இரண்டு வயரையும் இடம் மாற்றி மாட்டி, திரும்ப 10 டிகிரியைப் பொருத்துங்கள். இந்த வேலைக்குத் திருகி டிகிரி வைக்கும் டயல் லைட் வேண்டாம், வேஸ்டட் ஸ்பார்க்கில் அது இரட்டிப்பாகக் காட்டக்கூடும். சாதாரண லைட் எடுங்கள்.

ஒருவேளை ஆர்பிஎம் கோடு சீராக இருந்தால் டிவெல்லைப் பாருங்கள். உங்கள் வேஸ்டட் ஸ்பார்க்கில் 5,500-இல் ஒரு காயிலுக்கு ஒரு சுற்றுக்கு 10.9 மில்லிசெகண்ட் கிடைக்கிறது, தாராளம். ஒற்றைக் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு அதில் பாதி, 5.45 தான். அதில் டிவெல்லை 5 என்று வைத்தால் தீப்பொறி எரிய நேரமே மிஞ்சாது. அவர்களுக்கும் இதே 5,500-இல் இதே போல வெட்டும்.

கேள்வி: எஸ்டீமில் ஹால்டெக் ஈசியு. ஏற்காடு ஏறும்போது குறிப்பிட்ட பக்கம் திரும்பும் கொண்டை ஊசிகளில் மட்டும், வளைவை விட்டு வெளியே வந்து மிதிக்கும்போது ஒரு நொடி இன்ஜின் செத்துப் பிழைக்கிறது. நேர்ச்சாலையில் எதுவும் இல்லை. ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்டை (மிதிக்கும்போது தரும் கூடுதல் பெட்ரோல்) எவ்வளவு கூட்டலாம்?
— வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: ஒன்றும் கூட்ட வேண்டாம். எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பது ஈசியுவுக்குத் தெரியாது. ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் கோளாறு வருகிறது என்றால், பெட்ரோல் டேங்கில் ஒதுங்குகிறது, அல்லது எங்கோ ஒரு வயர் இழுபடுகிறது.

செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். டேங்க்கை முக்கால் அளவு நிரப்பிக்கொண்டு அதே வழியில், சாதாரண வேகத்தில் ஏறுங்கள். கோளாறு காணாமல் போனால் அது பெட்ரோல் ஒதுங்குவதுதான். வளைவில் பெட்ரோல் ஒரு மூலைக்குப் போய், பம்ப் காற்றை உறிஞ்சி, அந்தக் காற்றுக் குமிழி இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலுக்கு வந்து சேர்வதற்குள் வளைவு முடிந்திருக்கும். அதனால்தான் வளைவில் இல்லாமல், வெளியே வந்து மிதிக்கும்போது தெரிகிறது. லாகில் இது பளிச்சென்று இருக்கும்: ஆர்பிஎம் சீர், இன்ஜெக்டர் பல்ஸ் அகலம் மாறவில்லை, லாம்டா மட்டும் 0.88-இலிருந்து 1.2-க்கு எகிறித் திரும்பும். ரெயிலில் பிரஷர் சென்சார் ஒன்று இருந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. 3 பார் இருக்க வேண்டியது அந்த நொடியில் சரியும்.

மருந்து, ஒன்றரை அல்லது இரண்டு லிட்டர் சர்ஜ் டேங்க். பழைய பம்ப் டேங்கிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஹை பிரஷர் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். ரெயிலின் ரிட்டர்ன் சர்ஜ் டேங்குக்கு வரும். வழிவது மேல் முனை வழியாகப் பெரிய டேங்குக்குப் போகும். டிக்கியில் வைத்தால் பயணிகள் பகுதிக்கும் அதற்கும் நடுவில் இடைவெளியில்லாத தகடு அடைப்பு கட்டாயம். ஹோஸில் ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். மீட்டர் கணக்கில் கடையில் தொங்கும் சாதாரண கார்புரேட்டர் ஹோஸ் 3 பாருக்கும் எத்தனாலுக்கும் தாங்காது.

முக்கால் டேங்கிலும் கோளாறு தொடர்ந்தால், அந்த நொடியில் லேப்டாப் இணைப்பு அறுந்ததா, பேட்டரி வோல்டேஜ் விழுந்ததா என்று லாகில் தேடுங்கள். அறுந்திருந்தால் இன்ஜின் மவுண்ட் தளர்ந்து, இன்ஜின் சாயும்போது ஹார்னஸை (வயர்க் கட்டு) இழுக்கிறது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் இன்ஜினைப் பலகையால் நெம்ப, இன்னொருவர் வோல்டேஜைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் பக்கம் இருக்கிறோம். சேலம் போய்விட்டு ஏறி வந்து, கடையில் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் மட்டும் பத்து விநாடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பிடித்த பிறகும் ஒரு நிமிடம் தடுமாறுகிறது. காலையில் குளிரில் உடனே பிடித்துக்கொள்கிறது. லிங்க் ஈசியு, ஸ்பீடு-டென்சிட்டி.
— வாசகி, ஏற்காடு

பதில்: மலை ஏறி வந்த இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும். நிறுத்தியதும் பானட்டுக்குள் காற்றோட்டம் நின்று, இன்டேக் மேனிஃபோல்டு சூடேறும். காற்று வெப்ப சென்சாரை அலுமினிய மேனிஃபோல்டிலேயே துளைத்து மாட்டியிருந்தால், அது காற்றின் வெப்பத்துக்குப் பதில் உலோகத்தின் வெப்பத்தைச் சொல்லும். வெளியே 24 டிகிரி இருக்க, சென்சார் 72 என்று சொன்னால், காற்று லேசாகிவிட்டது என்று ஈசியு 14 சதவீதம் பெட்ரோலைக் குறைக்கும். உண்மையில் உள்ளே வருவது குளிர்ந்த காற்று. லீன் ஆகித் தடுமாறுகிறது. ஓட ஓட சென்சார் குளிர்ந்ததும் சரியாகிவிடுகிறது.

ஸ்டார்ட் செய்யும் முன் சாவி போட்டு, காற்று வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். 60-ஐத் தாண்டினால் சென்சாரை த்ராட்டில் பாடிக்கு முன்னால் உள்ள ரப்பர் குழாய்க்கு மாற்றுங்கள். நுனி மூடாமல் கூண்டுபோல் திறந்திருக்கும் வகை சென்சார் விரைவாகக் குளிரும். சிலர் வெப்பக் கரெக்‌ஷனையே அணைத்துவிடச் சொல்வார்கள். காலையில் ஏற்காட்டுக் குளிரிலும் மதியம் சேலத்து வெயிலிலும் ஓட்டுகிற உங்களுக்கு அது ஆகாது.

தடுமாற்றத்துக்குக் காரணம் இதுதான். பத்து விநாடி செல்ஃபுக்கு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரெயிலில் பிரஷர் கேஜ் மாட்டி, சூடான இன்ஜினை நிறுத்தி இருபது நிமிடம் விடுங்கள். 2 பார் பக்கம் தாக்குப்பிடித்தால் நல்லது. பூஜ்யம் என்றால் பம்ப்பின் செக் வால்வோ இன்ஜெக்டரோ கசிகிறது. எது என்று பிரிக்க ஒரு வழி: ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். ஃபிளட் கிளியர் அமைப்பு இருந்தால் அந்த நிலையில் ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும். உடனே பிடித்துக்கொண்டால் சிலிண்டருக்குள் ஏற்கெனவே பெட்ரோல் தேங்கியிருக்கிறது, அதாவது இன்ஜெக்டர் கசிவு. பிடிக்கவில்லை என்றால், சாவியை ஆன் செய்து பம்ப் ஓடி நிற்பதை மூன்று முறை செய்துவிட்டு அடியுங்கள். உடனே பிடித்தால் செக் வால்வு, அல்லது ரெயிலில் ஆவி.

செல்ஃப் அடிக்கும்போது ஈசியு பின்னில் வோல்டேஜையும் பாருங்கள். பேட்டரி நெகட்டிவ்வுக்கும் ஈசியு எர்த்துக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து அடித்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, திரும்ப இறுக்குங்கள்.

கேள்வி: 2021-இல் மேப் செய்த கார். அப்போது எல்லாக் கட்டத்திலும் சரியாக இருந்த லாம்டா இப்போது நான்கைந்து சதவீதம் லீன். எதையும் தொடவில்லை. இன்ஜெக்டர் அடைப்பா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: எல்லாக் கட்டத்திலும் ஒரே அளவு என்றால் பெட்ரோல்தான் மாறியிருக்கிறது. 2021-இல் பங்க்கில் கிடைத்தது அதிகபட்சம் 10 சதவீத எத்தனால். 2025-க்குள் அது 20 சதவீதம் ஆகிவிட்டது. 10 சதவீதக் கலப்பு முழுதாக எரியக் காற்று–பெட்ரோல் விகிதம் சுமார் 14.1, 20 சதவீதத்துக்குச் சுமார் 13.5. அதே காற்றுக்கு 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் வேண்டும். மேப் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொடாமல், மொத்தப் பெட்ரோலைப் பெருக்கும் ஒற்றை எண்ணை 4 சதவீதம் ஏற்றுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டுக்கான அளவை மட்டும் தனியாகப் பார்த்துக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

கேஜ் 14.7 காட்டினால் லீனா என்று குழம்ப வேண்டாம். பெரும்பாலான வைட்பேண்டு கேஜ்கள் லாம்டாவை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகின்றன, டேங்கில் எந்தக் கலப்பு இருந்தாலும் அதில் 14.7 என்பது லாம்டா 1 தான். கேஜை லாம்டாவுக்கே மாற்றிவிட்டால் தலைவலி இல்லை. ஒரு சிலிண்டர் பிளக் மட்டும் வெளுத்திருந்தால் அப்போது இன்ஜெக்டரைச் சந்தேகப்படலாம்.

கேள்வி: ஏற்காடு மலைப்பாதையில் நண்பர் லேப்டாப் வைத்துக்கொள்ள, நான் ஓட்டி மேப் செய்யலாமா? ஆர்டிஓ, போலீஸ் பிரச்சினை வருமா?
— வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: லாக் எடுக்கலாம், மேப் எழுதக் கூடாது. முழு த்ராட்டில் கட்டங்களை எழுத ஒவ்வொரு வேகத்திலும் சில விநாடி இன்ஜினைப் பிடித்து நிறுத்த வேண்டும். எதிரே பஸ் வரும் பாதையில் அதற்கு இடமில்லை. டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி அளக்கும் இயந்திரம்) செய்யுங்கள், டிராக் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ(4)-இன்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தனி ஈசியு போட்டியில் ஓடும் வண்டிக்கானது. ரோட்டில் ஓட்டும் காரில் மாட்ட நாங்கள் சொல்ல மாட்டோம். கழற்றிய ஒரிஜினல் ஈசியுவையும் ஹார்னஸையும் விற்றுவிடாமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஹார்னஸை வெட்டாமல், இடையில் சாக்கெட் கொடுத்து மாட்டியிருந்தால் பழையபடி மாற்ற ஒரு பகல் வேலைதான்.